தகரத்துக்குக் கீழே ஏசி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெயிலைச் சமாளிக்கும் வழிகள் என்று முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எந்த அறைக்கு எத்தனை டன் ஏசி, எந்த ஏர்கூலருக்கு எத்தனை லிட்டர் தொட்டி, எல்லாம் சரி. அதன் ஓரத்தில், வீட்டிலேயே ஷெட் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் சின்னதாக ஒரு ஏசியோ கூலரோ வைத்துக்கொள்ளலாம் என்று நாலு வரியும் இருந்தது. அந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலூரை ஒட்டிய காட்பாடிப் பக்கம் குடியிருப்பவன். முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார் நிறுத்த என்று கட்டிய ஷெட்டில் ஒரு நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்), பெஞ்ச் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், சின்ன வெல்டிங் செட் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, தெருக்காரர்களுக்கு மோட்டார் ஷாஃப்ட், புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உருளை வளையம்), கேட் கீல் என்று ஏதாவது செய்துகொடுத்துக்கொண்டிருக்கிறேன். (கார் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை, அது வேறு கதை.) ஷெட் பதினெட்டடிக்குப் பத்தடி. மேலே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரம், எட்டடி உயரம், ஷட்டர் மேற்குப் பார்த்தது. வெயிலுக்கு இதைவிட மோசமாக ஒரு இடத்தை யோசித்துக் கட்டினாலும் கட்ட முடியாது.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். சாமி 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், மலைக்கு மரம்தான் இன்னும் வந்தபாடில்லை. சுற்றிலும் பாறை. மே 4-ஆம் தேதி கத்திரி பிறக்கும் முன்பே 40 டிகிரியைப் பார்த்துவிடுவோம், மாதக் கடைசியில் கத்திரி முடிந்த பிறகும் அது சட்டென்று இறங்காது.

முதல் கோடையில் நானும் உங்கள் கட்டுரை சொன்னதைத்தான் செய்தேன். பெரிய ஏர்கூலர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்து, குளிர் வெளியே போய்விடுமே என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு ஓட்டினேன். அரை மணி நேரத்தில் ஷெட் இட்லிக் குண்டான் ஆகிவிட்டது. கூலர் என்பது ஈரத்தை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது, அந்த ஈரக்காற்று ஒரு பக்கம் வந்தால் மறு பக்கம் வெளியேறியாக வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உடம்பு வேர்த்தது கூடப் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து லேத்தின் பெட்டை, அதாவது அதன் நீண்ட இரும்பு அடித்தளத்தைத் துடைத்தால் துணியில் செம்மண் மாதிரி துரு. பிள்ளை மாதிரி வைத்திருந்த மெஷின். அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கூலரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் மாதிரி கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில், சித்திரை மதிய நேரத்துக் காய்ந்த காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும். சென்னைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம், அங்கே காற்றே ஏற்கெனவே ஈரத் துணி. வைப்பதானால் ஜன்னலுக்கு வெளியே நிழலில் வைத்து, வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும்படியும், எதிர்ப்பக்கம் திறந்திருக்கும்படியும் வையுங்கள். மெஷின் மேல் காற்று நேராக அடிக்கக் கூடாது. சாயங்காலம் பெட்டில் எண்ணெய் தடவி மூடிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

அடுத்த வருடம் தெர்மாகோல். யாரோ சொன்னார்கள் என்று தகரத்துக்கு அடியில் கம்பி கட்டி வெள்ளை அட்டைகளைச் செருகினேன். சூடு குறைந்தது உண்மை. ஆனால் ஒரு நாள் கிரைண்டரில் ஒரு ஆங்கிளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பொறி எகிறி மூலையில் தொங்கிய அட்டை மேல் விழுந்தது. ஒரு கை அகலத்துக்கு உருகிச் சொட்டியது, கறுப்புப் புகை, மூக்கில் அடித்த நெடி. பக்கத்தில் மணல் வாளி இருந்ததால் தப்பித்தேன். பொறி பறக்கிற இடத்தில் தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்கிற பழக்கமும் எங்கள் பக்கம் உண்டு, அது கொடுக்கிற குளிர்ச்சிக்கு ஈடே கிடையாது, ஆனால் எலியும் தேளும் குடிவரும், தீபாவளிக்கு ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் எல்லாம் போச்சு. தச்சு வேலைக்காரர், தையல்காரர், மிக்சி ரிப்பேர்காரர் போடலாம். வெல்டிங் செய்கிறவர் போடக் கூடாது.

மூன்றாவது வருடம் ஏசி விலை விசாரித்தேன். வாங்குவதற்கு முன் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் என் கண்ணைத் திறந்தது, உங்கள் வாசகர்களும் போட்டுப் பார்க்கட்டும். மேகமில்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1,000 வாட் சூடு வந்து விழுகிறது. என் கூரை 180 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 17 சதுர மீட்டர். ஆக என் தலைக்கு மேல் 17,000 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினேழைக் கவிழ்த்து அடுக்கி வைத்த மாதிரி. அது முழுதும் உள்ளே இறங்குவதில்லைதான், ஆனால் ஒரு டன் ஏசி உள்ளேயிருந்து இறைத்து வெளியே கொட்டக்கூடியது சுமார் 3,500 வாட் மட்டுமே. இதில் நம் மோட்டார்களும் சேர்த்தி, ஒரு எச்.பி. (குதிரைத்திறன்) என்பது 746 வாட், அது கடைசியில் சூடாகத்தான் அறையில் தங்கும். ஓட்டைப் படகில் அமர்ந்துகொண்டு கரண்டியால் தண்ணீர் இறைக்கிற கதை.

ஆகவே முதலில் கூரை. கூரைக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பளபளவென்று இருக்கிற தகரம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் அனுப்பும். ஆனால் உள்வாங்கிய சூட்டை வானத்துக்குத் திருப்பித் தராது, கஞ்சன் கையில் போன காசு மாதிரி வைத்துக்கொண்டு கீழே நிற்கிற நம் மண்டைமேல் காட்டும். துருப்பிடித்த தகரம் இன்னும் மோசம். வெள்ளைப் பூச்சுக்கு இரண்டு குணமும் உண்டு. புதிதாக அடித்த நல்ல வெள்ளை, விழுகிற வெயிலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைத் திருப்பிவிடும், வாங்கிய மிச்சத்தையும் மேல்பக்கமாகவே சீக்கிரம் விட்டுவிடும். நான் அளந்தும் பார்த்தேன். துப்பாக்கி மாதிரி நீட்டினால் சூட்டைக் காட்டுமே, அந்தக் கருவியைக் கடன் வாங்கி வந்தேன். பளபளப்பான தகரத்தில் அதை நேராக நீட்டினால் குறைவாகத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள், ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் பிடித்து அளக்க வேண்டும். பூச்சுக்கு முன் மதியம் இரண்டு மணிக்குத் தகரத்தின் அடிப்பக்கம் 60-ஐத் தாண்டியது. பூசிய பிறகு, அதே மாதிரி வெயில் நாளில், 45-க்குப் பக்கத்தில் நின்றது. ஷெட்டுக்குள் காற்று என்னவோ வெளிக்காற்றின் சூட்டில்தான் இருந்தது, அதற்குக் கீழே வெள்ளைப் பூச்சால் கொண்டுபோக முடியாது. ஆனால் தோசைக்கல்லுக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்கிற மாதிரி இருந்த உணர்வு போய்விட்டது. வேலை செய்ய முடிகிறதா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பூசுவதிலும் நான் ஒரு தடவை தோற்றேன். காசு மிச்சம் என்று தகரத்தில் சுண்ணாம்பு அடித்தேன், முதல் கோடை மழையில் எல்லாம் வாசலில் பால் மாதிரி ஓடியது. கான்கிரீட் தளத்துக்கு சுண்ணாம்பு சரி, தகரத்தில் பிடிக்காது. தகரத்தை சோப்புத் தூள் போட்டு நன்றாகக் கழுவி, துருவைச் சுரண்டி, ஜி.ஐ. ஷீட்டுக்கு என்றே கடையில் இருக்கும் பிரைமரைக் கேட்டு வாங்கி ஒரு கோட், அதன்மேல் வெளிப்புறத்துக்கான வெள்ளை இரண்டு கோட். சாதாரண எனாமலை நேராக அடித்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். விடியற்காலையில் ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், சூடேறிய தகரத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும், உங்கள் காலும் கொப்பளிக்கும். மேலே ஏறும்போது போல்ட் வரிசை போகிற இடத்தில், அதாவது அடியில் சட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். வருடா வருடம் மாசியில் ஒரு தடவை தூசியைக் கழுவிவிடுங்கள். அழுக்கேறிய வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்து பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிவரக்கூடியது. மேலே ஏறவும் செய்யாதீர்கள், பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், கீழே இருப்பது சிமென்ட் தரை. அதன்மேல் ஓர் அடி இடைவெளி விட்டுக் குழாய்ச் சட்டத்தில் பச்சை நிழல்வலை கட்டுவதுதான் உத்தமம், அதையும் பக்கவாட்டில் ஏணி போட்டு நின்றே கட்ட வேண்டும்.

நிழல் விஷயத்தில் ஒரே விதிதான், வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். என் மேற்கு ஷட்டர் சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பு மாதிரி கொதிக்கும். இப்போது அதற்கு இரண்டடி வெளியே குழாய் நட்டு நிழல்வலையும், பக்கச் சுவரில் பீர்க்கன் பந்தலும். வெள்ளையடித்த கூரைக்கு அடுத்தபடியாக எனக்குக் கைகொடுத்தது அந்தப் பீர்க்கன்தான், காய் வேறு போனஸ்.

அப்புறம் காற்று. இதில் குற்றவாளி நானேதான். அணில் வருகிறதென்று சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சிமென்ட் வைத்து அடைத்துவிட்டேன். சூடான காற்று மேலே போகும், போக வழியில்லாவிட்டால் அங்கேயே தங்கி நம் தலைவரைக்கும் இறங்கிவரும். அதைத் திரும்ப உடைத்து, அணிலுக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்தேன். கிழக்குச் சுவரின் உச்சியில் பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், வடக்கில் நிழல் விழும் பக்கம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் காற்று நுழையத் துளைகளுள்ள ஜாலி. கீழே குளிர்ந்தது நுழையும், மேலே சுட்டது வெளியேறும். உள்ளே விட வழி வைக்காமல் எக்ஸாஸ்ட் மட்டும் போட்டால் அது சும்மா சுற்றிச் சத்தம் போடும். மில் கூரைகளில் பந்து மாதிரி சுற்றுகிறதே, அது இருபதடி உயரக் கொட்டகைக்கு நல்லது, எட்டடி ஷெட்டுக்குச் செலவுக்கேற்ற பலன் இருக்காது என்பது என் கட்சி. சீலிங் ஃபேனும் வேண்டாம், தகரத்தடியில் தேங்கிய சூட்டை வாரி நம்மேல் இறைக்கும். இடுப்பு உயரத்தில் பெடஸ்டல் ஃபேன் போதும், அதுவும் லேத்தில் இருந்து சுருளும் பிசிறும் கண்ணுக்கு வராத திசையில்.

பெயிண்ட், தின்னர் வேலை செய்கிறவர்கள் ஏசிக்காகக் கதவை அடைத்துக்கொள்வது தற்கொலைக்குச் சமம். கோடையில் தின்னர் இன்னும் வேகமாக ஆவியாகும், ஒரு சுவிட்ச் பொறி போதும்.

இன்னொன்று, அளவு. இளவட்டங்கள் இதை நம்ப மாட்டார்கள். உலகம் முழுக்க அளவுக் கருவிகள் 20 டிகிரி சூட்டைக் கணக்கில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. நம் ஷெட் 40-இல் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் அலுமினியம் அந்த 20 டிகிரிக்கு 0.046 மில்லிமீட்டர் நீளும், இரும்பு அதில் பாதிதான் நீளும். ஆக இரும்பு மைக்ரோமீட்டரை வைத்து அலுமினியப் புஷ்ஷை மதியம் அளந்து கச்சிதமாக வெட்டினால், அது குளிர்ந்த பிறகு இரண்டு பாயின்ட் (ஒரு பாயின்ட் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) குறைவு. இரண்டு பாயின்ட் என்றால் பேரிங் உட்காருகிற இடத்தில் ஆட்டம். ஒரு கோடையில் நான் செய்துகொடுத்த மூன்று புஷ்களும் திரும்பி வந்தன, மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றம் சூரியனுடையது. இப்போதெல்லாம் ஃபைனல் கட் விடிகாலையில்தான்.

நேரத்தைச் சொல்ல வந்துவிட்டேன். தகரக் கூரையில் ஒரு நல்ல குணம், வெயில் இறங்கியதும் சட்டென்று ஆறிவிடும். கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்போது என் ஷெட் ஏழு மணிக்கே வீட்டைவிடக் குளிர்ந்துவிடுகிறது, என் மனைவி மாலையில் கீரை ஆய்வதே அங்கேதான். காலை ஐந்தரை முதல் பத்து வரை, பிறகு இரவு ஏழு முதல் ஒன்பது வரை, இதுதான் என் கோடை ஷிஃப்ட். ஐந்தரைக்குக் கிரைண்டர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வருவார், ஆகவே காலையில் மார்க்கிங், ஃபைலிங், லேத். சத்த வேலை எட்டுக்கு மேல். பதினோரு மணிக்கு மேல் மூன்று மணி வரை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவேன், யார் வந்து கெஞ்சினாலும்.

அந்தப் பூட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் உதவிக்கு வந்துகொண்டிருந்த பையன் ஒரு மே மாத மதியம் வெல்டிங் செய்துகொண்டிருந்தவன் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டால் நெருப்பு. நிழலுக்கு இழுத்துப் போய்ச் சட்டையைக் கழற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைத் திருப்பி வைத்து, 108-க்குப் போன் செய்தோம். பிழைத்துக்கொண்டான். வெயிலில் ஒருவன் பேச்சு குழறினால் மோர் கொடுத்து உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று நேரம் கடத்தாதீர்கள், உடம்பை உடனே நனையுங்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மோரும் உப்புப் போட்ட நீராகாரமும் அதற்கு முன்பே, தாகம் எடுக்கும் முன்பே. இன்னொன்றும் அன்றுதான் கவனித்தேன், அவன் கையுறை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஈரக் கையுறையோடு வெல்டிங் ஹோல்டரில் ராடு மாற்றுவது ஷாக்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. கோடையில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கடைசியாக அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1948-இல் போட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவை எங்கள் பழைய சங்கத் தோழர் ஒருவர் வாசித்துக் காட்டுவார். கூரைக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர் தெளிப்பது, நடுவில் காற்றுவெளி விட்டு இரட்டைக் கூரை போடுவது என்று வழிகளையே அந்தக் காலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் மின்சாரம் இருந்தால் பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒற்றை ஆளாக வீட்டு ஷெட்டில் நிற்கிறவன் எந்தக் கணக்கிலும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தெலங்கானாவில் 2023-இலேயே குளிர் கூரைக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தார்கள். நம் அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் என்றது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அந்த 4 லட்சத்தில் எத்தனை தகரக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கலாம் என்று யாராவது அதிகாரி டைரியின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தேவலை. தையல், தச்சு, லேத், ரிப்பேர் என்று வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களுக்குப் பிரைமரும் பெயிண்டும் பாதி விலைக்குக் கொடுத்தால் போதும், அடித்துக்கொள்வதை நாங்களே அடித்துக்கொள்வோம்.

உங்கள் பக்கத்தைப் பற்றி இன்னும் ஒரே ஒரு குறை. கட்டுரையின் நடுவில் போட்டிருந்த படத்தில், ஓடுகிற லேத்தின் முன்னால் ஒருவர் கழுத்தில் நீளமான ஈரத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். பார்க்கக் குளுகுளுவென்று இருக்கிறது. அந்தத் துண்டின் நுனி சக்கில் (வேலைப் பொருளைப் பிடித்துக்கொண்டு சுழலும் பாகம்) மாட்டினால் ஆளை இழுத்துக் கொள்ள ஒரு நொடி கூட ஆகாது, இழுத்ததை நான் வேலை பார்த்த இடத்தில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடுத்த ஞாயிறு அந்தப் படம் தவறு என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
காட்பாடி.